சரணம் முடியும் வரை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். "நினைச்சுக்கிறதோட சரி, என்னைக்காவது கேட்டு எழுதியிருக்கியா?" என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. எனக்குக் கேட்பதே இப்போது அது ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் புத்தகம் வரப்போகிறது. மாதப் பத்திரிகையில் பன்னிரண்டு வருஷமாக எழுதிய துப்பறியும் கதைகளில் ஒன்பதைப் பதிப்பாளர் பொறுக்கி எடுத்திருக்கிறார். பத்தாவதாகப் புதிதாக ஒன்று வேண்டுமாம். ஒன்பது என்றால் ஏதோ ஒன்று தொலைந்துபோன மாதிரி இருக்கிறதாம். அட்டையில் "எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, யாருக்கும் தெரியாத கொலை" என்று போடப்போகிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் முதல் புத்தகம். முப்பது வருஷமாக மற்றவர்கள் புத்தகத்தில் பிழை பார்த்து, புள்ளியும் ஒற்றும் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தவன். அச்சகத்தில் என்னைக் காற்புள்ளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இனி முதுகில் என் பெயர் போட்ட ஒரு புத்தகம் இருக்கும். இதற்குமேல் ஆசைப்பட எனக்குத் தெம்பு இல்லை.

பாட்டிலிருந்து எப்படிக் கதை எடுக்கிறீர்கள் என்று முன்னுரை எழுதச் சொல்கிறார். என்னத்தை எழுத? இந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை என்றா? அச்சு எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதை அதற்கே கொடுத்துவிட்டேன். கருவி மாட்டினால் தகரத்தில் ஆணி இழுக்கிற மாதிரி இருக்கிறது. நீதான் எனக்காகக் கேட்டாய். வானொலி நிலையத்தில் இசைத்தட்டு அறையில் வேலை பார்த்தவள், அங்கே பாட்டுக் கேட்க நேரம் ஏது என்று வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் ரேடியோவை வைத்துக்கொண்டு எழுதுவாய். வரிகளை எழுதி, எங்கே வயலின் ஏறுகிறது, எங்கே எல்லா வாத்தியமும் நின்று இரண்டு தட்டு சும்மா போகிறது என்றெல்லாம் எழுதி அனுப்புவாய். நான் அதை வைத்துக்கொண்டு சந்தேகப்படுவேன். வழியனுப்பும் பாட்டில் அவள் நாலு தடவை 'போய் வா' என்கிறாள், போகிறவனுக்கு இல்லாத அவசரம் இவளுக்கு எதற்கு? தாலாட்டில் குழந்தை ஏன் ஒரு தடவைகூட அழவில்லை? அவ்வளவுதான் என் வித்தை.

ஒன்பது கதைகளின் புரூஃபும் இத்துடன் இருக்கிறது. பாட்டு விவரங்கள் சரியா என்று பார்த்து அனுப்பு. பத்தாவதுக்கு ஒரு பாட்டும் அனுப்பு. ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டும்.

உன் தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

கட்டு வந்தது. அன்று நான் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். உன் அத்தான் வாங்கிப் பிரித்துவிட்டார். வீட்டுக்கு வரும் எதையும் பிரித்து, உள்ளே சொன்ன அளவு இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எடை அளவு ஆய்வாளர் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது, வேலை அவரை விடவில்லை. கடைத்தெருவில் அந்தக் காலத்தில் "எடைக்கல் வருது" என்று சொல்லித்தான் ஷட்டரை இறக்குவார்களாம்.

இத்தனை வருஷத்தில் உன் கதை ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. வேலையில்லாதவன் எழுதி வேலையில்லாதவன் படிப்பது என்பார். இந்தத் தடவை இரண்டு நாள், பென்சிலும் கையுமாக, ஒன்பதையும் படித்தார். இரண்டாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்:

"ஒன்பது தடவை செத்திருக்கேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லை. உப்பு எடுத்துக்கட்டுமா?"

அப்புறம் நான் எடுத்துப் படித்தேன். பத்திரிகையில் மாதம் ஒன்றாகப் படித்தபோது தெரியாமல் போனது, சேர்த்துப் படித்தபோது பளிச்சென்று முகத்தில் அடித்தது. உனக்கு வெட்கமாக இல்லையா? தியேட்டர் மேனேஜர் சாகிறான். வீட்டுக்காரர் சாகிறார். தபால் அதிகாரி சாகிறார். கப்பல் கேப்டன் சாகிறான். ஒன்பது பேரும் உப்பு டப்பாவைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்து "நூத்தி நாப்பது கிராம் இருக்கும்" என்கிறார்கள். கப்பல் கேப்டன் எதற்கடா உப்பு டப்பாவை ஆட்டுகிறான்? ஒன்பது பேரும் மாடிப்படியை வாய்க்குள் எண்ணிக்கொண்டு ஏறுகிறார்கள். ஒன்பது பேரும் ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு "இது எதுக்கு இங்க இருக்கு?" என்று கேட்கிறார்கள். ஒன்பது பேரும் பாட்டின் கடைசியில் பல்லவி திரும்பி வருவதற்குள் ரேடியோவை அணைத்து "அதான் முதல்லயே கேட்டாச்சே" என்கிறார்கள்.

அன்றிலிருந்து அவர் எதையும் செய்வதில்லை. உப்பு டப்பாவைத் தொடுவதில்லை. படி ஏறும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறார். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று "திறக்கலாமா?" என்று கேட்கிறார். ரேடியோ ஓடினால் கையை மடியில் வைத்துக்கொண்டு முடியும்வரை உட்கார்ந்திருக்கிறார், டாக்டர் கூப்பிடக் காத்திருக்கிறவர் மாதிரி. என் வீட்டில் ஒரு விருந்தாளி இருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டு இந்த வயதில் விருந்தாளிக்கு உபசாரம் பண்ண என்னால் ஆகாது.

புத்தகத்தை நிறுத்து. அத்தானைப் பற்றி அச்சில் வந்தது பத்திரிகையோடு போகட்டும். புத்தகமாக வந்தால் அது வீட்டில் அலமாரியில் இருக்கும். நான் தினமும் தூசி தட்ட வேண்டியிருக்கும்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை பயம், இரண்டாம் தடவை வெட்கம், மூன்றாம் தடவை கோபம். நாலாவது தடவை டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் பழைய கடிதங்களை எடுத்தேன்.

நான் அத்தானோடு சேர்ந்தாற்போல் பத்து நாள் இருந்ததில்லை. உங்கள் கல்யாணத்தின்போது வாங்கி வந்த அலாரம் கடிகாரத்தை அவர் காதில் வைத்துப் பார்த்துவிட்டு "ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பின்னால போகும்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. வேறொன்றும் தெரியாது. அப்படியிருக்க உப்பு டப்பா எனக்கு எங்கிருந்து வந்தது? நீயே படி. உன் கையெழுத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன்.

படகுப் பாட்டுக்கு நீ எழுதியது: "முதல் சரணம் தாழ்ந்த குரலில் தொடங்குகிறது. இரண்டாவது வரியில் புல்லாங்குழல். இங்கே இவர் வந்து உப்பு டப்பாவை ஆட்டினார். திரும்ப அதே வரி."

மழைப் பாட்டுக்கு: "இடையிசை நீளம். ஷெனாய் மாதிரி ஏதோ ஒன்று. முப்பத்திரண்டு படியையும் எண்ணி முடித்து இவர் வீட்டுக்குள் வரும்வரை ஓடியது. இருபத்தாறு வருஷமாக அதே முப்பத்திரண்டு. ஒரு நாளாவது குறையாதா."

வழியனுப்பும் பாட்டுக்கு: "கடைசிப் பல்லவி எப்படி முடிகிறது என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. அணைத்துவிட்டார். என்றைக்காவது இந்த மனுஷர் ஊருக்குப் போகமாட்டாரா, நான் ஒரு பாட்டை முழுசாகக் கேட்க."

இப்படி ஒன்பதிலும் இருக்கிறது. எனக்குப் பாட்டு கேட்காது, அக்கா. நீ எழுதியதுதான் எனக்குப் பாட்டு. அதில் எது புல்லாங்குழல், எது அத்தான் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. சாக வேண்டிய ஆள் யார் என்று நான் தேடவே இல்லை. நீ அனுப்பிய தாளிலேயே அவர் தயாராக இருந்தார்.

புத்தகத்தை நிறுத்தச் சொல்கிறாய். சுலபமாகச் சொல்லிவிட்டாய். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. நான் செத்தால் காற்புள்ளி போய்விட்டான் என்று அச்சகத்தில் ஒரு மணி நேரம் லீவு விடுவார்கள், அதுவும் வேலை இல்லாத நாளாக இருந்தால். இந்த ஒரு புத்தகம்தான் எனக்கு. அதை ஏன் நான் மட்டும் விட வேண்டும்? அவரைக் கொன்றதில் பாதி நீ.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

புரூஃப் கட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அவர் பென்சிலில் ஏதேதோ குறித்திருக்கிறார். நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

நீ எடுத்து எழுதியதெல்லாம் என் எழுத்துதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் உள்ளுக்குள் இருக்கிற பாசம்தான் என்று ஆறுதல் சொல்லி அடுத்த கடிதம் எழுதிவிடாதே. எனக்கு அலுப்புதான். பாசம் எனக்குத் தெரியாதா? அது வேறு.

உன் இஷ்டம் போல் செய். பாட்டு அனுப்ப மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பார்க்க மாட்டேன் என்றதை நான் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருக்க முடியாது. அது என் தொழில்.

முதலில் ஒன்று சொல்கிறேன். அத்தான் என்னைவிட நன்றாகப் பிழை பார்க்கிறார். "இந்தத் தராசில் இந்த எடை நிற்காது." "நாலாம் பக்கத்தில் படி பதினேழு, ஒன்பதாம் பக்கத்தில் பதினெட்டு. எது சரி?" "இவ்வளவு பெரிய பெட்டியை ஒரு ஆள் தூக்க முடியாது, உள்ளே பிணம் இருந்தால் சொல்லவே வேண்டாம்." எல்லாம் சரி. முப்பது வருஷம் சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியாமல் போனது.

ஆனால் ஒவ்வொரு கதை முடிவிலும் அடியில் ஒரு வரி இருக்கிறது. முதல் கதையில் "மனைவி எங்கே இருந்தாள்?" இரண்டாவதிலும் அதேதான். நாலாவதில் "பக்கத்து அறைதானே?" ஆறாவதில் "சத்தம் கேட்டிருக்கும்." எட்டாவதில் "ஏன் வந்து பார்க்கவில்லை?" ஒன்பதாவதில் எழுத்தே இல்லை. பென்சிலை ஊன்றி வைத்த ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது.

திரும்பவும் ஒன்பதையும் படித்தேன். அவர் கேட்பது நியாயம். ஒன்பது கதையிலும் செத்தவனுக்கு மனைவி இருக்கிறாள். ஒன்பதிலும் அவள் பக்கத்து அறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். துப்பறிகிறவன் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான். "பாட்டு ஓடிட்டிருந்தது, ஒண்ணும் கேக்கலை" என்கிறாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறான். கணக்கன், பங்காளி, எதிர்வீட்டுக்காரன் என்று ஊரையே சந்தேகப்பட்ட நான் அவளை மட்டும் சந்தேகப்படவில்லை. உன்னை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லைபோல.

போன கடிதத்தில் கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள். ஒரு வாரம் உட்கார்ந்து கதைகளை மாற்றிப் பார்த்தேன். உப்பு டப்பாவை எடுத்துவிட்டேன். படியை எடுத்துவிட்டேன். ரேடியோவை முழுசாக ஓடவிட்டேன். பதிப்பாளர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா செத்தது யாருன்னே தெரியலையே சார். யாரோ ஒருத்தன் செத்தா நமக்கென்ன?" என்றார். அவர் சொல்வதும் சரிதான்.

அதனால் நிறுத்திவைத்திருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல்லும்வரை அச்சுக்குப் போகாது.

தம்பி


மே 28

தம்பிக்கு,

உனக்குப் பதில் போட இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. உன் அத்தான் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்து பத்து நாள் ஆகிறது. கட்டிலோடு இருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, பதறாதே. கிளம்பி வராதே. இங்கே ஒருவரைப் பார்த்துக்கொள்ளவே எனக்கு முதுகு விட்டுப்போகிறது.

எப்படி விழுந்தார் என்று சொல்கிறேன். இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

பின்னறையில் பல்பு போய்விட்டது. முன்பெல்லாம் பல்பு மாற்றுவது என்றால் வீடே அதிரும். "ஸ்டூலைப் பிடி, இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம், நீ பிடிக்கிற லட்சணத்துக்கு நான் கீழதான் போவேன்" என்று கத்துவார். நானும் திட்டிக்கொண்டே பிடிப்பேன். இப்போதுதான் விருந்தாளி ஆயிற்றே. என்னைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று தானே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்த் தானே ஏறியிருக்கிறார்.

காலை பத்து, பத்தரை இருக்கும். நான் சமையலறையில் இருந்தேன். ரேடியோவில் ஒரு பழைய பாட்டு போட்டார்கள். வீட்டுக்குத் திரும்பி வருகிறவனைப் பற்றியது. உனக்குப் பாட்டு அனுப்ப மாட்டேன் என்று வீம்பாக எழுதினேனே தவிர, கை தானாகப் பேனாவை எடுத்துவிட்டது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். முதல் சரணம் தொடங்கியபோது பின்னறையில் தடாலென்று சத்தம். ஸ்டூல் உருண்டு சுவரில் இடித்தது. அப்புறம் ஒன்றுமில்லை. அவர் கூப்பிடவில்லை.

எனக்குக் கேட்டது. ஸ்டூல் என்று தெரிந்தது, அவர் என்றும் தெரிந்தது. நான் அந்த வரியை எழுதினேன். அடுத்த வரியையும் எழுதினேன். சரணம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஒரு சரணம், மூன்று நிமிஷம் இருக்கும். ஏன் என்று கேட்காதே. சாகட்டும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். போனால் இனி எவ்வளவு செய்ய வேண்டியிருக்குமோ என்று மட்டும் தோன்றியது. உடம்பு முழுக்க ஈரத்துணி மாதிரி கனத்தது.

அப்புறம் எழுந்து போனேன். கீழே கிடந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்து, "பல்பு உடையலை, பத்திரமா இருக்கு" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "எவ்வளவு நேரம் தரையிலயே கிடந்தீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்:

"கிடக்கவே இல்லை டாக்டர். விழுந்த உடனே ஓடி வந்துட்டா."

தம்பி, முப்பத்தோரு வருஷ வேலையில் ஒரு கிராம் குறைந்த கல்லுக்கு முத்திரை குத்திக் கொடுக்காத மனுஷர். சொந்த மாமன் கடைக்கே அபராதம் போட்டவர். அவர் பொய் சொன்னார். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க பக்கத்துல இருந்தது நல்லதாப் போச்சும்மா" என்றாள்.

யாரும் என்னை விசாரிக்கவில்லை. உன் கதையில் வருகிற மாதிரியேதான். உன் துப்பறிகிறவனாவது ஒரு கேள்வி கேட்டான்.

உனக்குப் பத்தாவது கதை வேண்டும் அல்லவா? இதை எழுது. சுற்றி வளைக்காதே. கணக்கனையும் பங்காளியையும் கொண்டுவராதே. அந்த அறையில் மனைவியை உட்காரவைத்து எழுது. அவளைத் தப்பவிடாதே.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிவிட்டேன். ஆறு நாள் ஆயிற்று. பத்துப் பக்கம்தான், ஆனால் இதுவரை எழுதியதில் இதற்குத்தான் அதிகம் அடித்து அடித்து எழுதினேன். இத்துடன் இருக்கிறது.

இதில் துப்பறிகிறவன் இல்லை. பிணமும் இல்லை. ஒருவர் ஸ்டூலிலிருந்து விழுகிறார். ஒருத்தி பக்கத்து அறையில் மூன்று நிமிஷம் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மூன்று நிமிஷம்தான் கதை. யாரும் சாகாத கதையைக் குற்றக்கதை என்று எப்படிப் போடுவது என்று பதிப்பாளர் கேட்டாலும் கேட்பார். கேட்கட்டும்.

எழுதி முடித்த பிறகு உன் கடிதங்களைக் கட்டிப் பெட்டியில் வைக்கப் போனேன். வைக்க முடியவில்லை. உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை இடத்தில் "அலுப்பாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய் என்று எண்ண ஆரம்பித்து, நாற்பதோடு விட்டுவிட்டேன். மூட்டு வலி எழுதியிருக்கிறாய். கர்ப்பப்பை ஆபரேஷனைப் பற்றி, ஒரு பாட்டின் தாளத்துக்கும் அடுத்த பாட்டின் தாளத்துக்கும் நடுவே ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். "நாளை ஆஸ்பத்திரி, திரும்பி வந்ததும் இரண்டாவது சரணம் அனுப்புகிறேன்." நான் அதற்குப் போட்ட பதில் என்ன தெரியுமா? "இரண்டாவது சரணம் சீக்கிரம் வேண்டும்." கதையில் அந்த மாதம் ஒரு டாக்டரைச் சேர்த்துக்கொண்டேன்.

நீ உட்கார்ந்திருந்தது மூன்று நிமிஷம். நான் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், அக்கா. என்னையும் யாரும் விசாரிக்கவில்லை.

பதிப்பாளருக்கு, "புத்தகம் வேண்டாம், பத்துக் கதைகளையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு கடிதம் எழுதி, தபால் தலை ஒட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன். நீயோ அத்தானோ வேண்டாம் என்றால் அன்றே தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். மனக்குறை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருக்கும். அதோடு நான் இருந்துகொள்வேன்.

நீ சொல்லாவிட்டாலும் அடுத்த மாதம் பத்து நாள் லீவு போட்டுக் கிளம்பி வருகிறேன். திட்டுவதானால் காதுக்குப் பக்கத்தில் வந்து திட்டு.

உன் தம்பி


ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

கதை வந்தது. இந்தத் தடவை கட்டை நானே பிரித்தேன். நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து திரும்பப் படித்தேன்.

அவரிடம் மறைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு வீட்டில் நடப்பது எல்லாம் கேட்கிறது. "தம்பிகிட்டேயிருந்து கட்டு வந்துச்சே, என்ன?" என்று மூன்றாம் நாள் கேட்டார். "பத்தாவது கதை" என்றேன். "நான் சாகிறேனா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப படி" என்றார். கண்ணாடி போட்டுப் படுத்தபடி படிக்க அவரால் முடிவதில்லை. நானே படித்துக் காட்டினேன்.

மனைவி சமையலறையில் உட்கார்ந்திருக்கிற இடம் வந்தது. நிறுத்தினேன். "படி" என்றார். படித்தேன். ஸ்டூல் உருள்வது, அவள் பேனாவை வைக்காமல் இருப்பது, எழுதுவது எல்லாம் படித்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் அவர் பொய் சொல்கிற இடத்தை நீ எழுதியிருக்கிற விதம் நன்றாக இருந்தது. அங்கே லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, நிச்சயமாகத் தெரியவில்லை.

முடித்தேன். நான்தான் கேட்டேன், "புத்தகம் வரட்டுமா, வேண்டாமா? உங்க இஷ்டம். வேண்டாம்னா அவன் நிறுத்திடுவான்."

"வரட்டும். ஒன்பது தடவை செத்தாச்சு, இனிமே என்ன" என்றார். பிறகு, "ஒரு திருத்தம் இருக்கு" என்றார்.

"என்ன?"

"மூணு நிமிஷம்னு போட்டிருக்கான். தப்பு. பதினொண்ணு."

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"விழுந்தப்ப தலை அந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு. சுவர்க் கடிகாரம் கண்ணுக்கு நேரா இருந்துச்சு. வேற பார்க்க என்ன இருக்கு அங்க? பத்து இருபத்திநாலு. நீ வந்தப்ப பத்து முப்பத்தஞ்சு."

"ஏன் கூப்பிடலை?" என்றேன்.

"பாட்டு எழுதிட்டிருந்தே. தொந்தரவு பண்ணாம இருக்கப் பழகிட்டிருந்தேன்."

தம்பி, அவர் சொல்வதுதான் சரி. உனக்கு மூன்று என்று எழுதினேன். எனக்கே மூன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணமும் முடிந்தது. கடைசிப் பல்லவியும் வந்து முடிந்தது. அணைக்க யாரும் வரவில்லை. விளம்பரம் ஓடியது. அடுத்த பாட்டும் தொடங்கிவிட்டது. அதை நான் எழுதக்கூட இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நேற்று அவரிடம் அழுதேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எதிரில் இப்படி அழுததில்லை. அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. "அழுதது போதும், மாத்திரை வேளையாச்சு. அந்த டம்ளர்ல தண்ணி குறைச்சலா இருக்கு, நிறைய ஊத்தி எடுத்துட்டு வா" என்று அதட்டினார். விருந்தாளி ஆன பிறகு முதல் தடவையாக அதட்டுகிறார். அலுப்பாகத்தான் இருந்தது. எழுந்து போய் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

நீ வா. பத்து நாள் போதாது, பதினைந்து நாளாக லீவு போடு. அவரைத் தூக்கி உட்காரவைக்க இன்னொரு ஆள் வேண்டும்.

மேசைமேல் இருக்கிற கடிதத்தைக் கிழித்துப் போடு. புத்தகத்தை அச்சுக்குக் கொடு. கொடுப்பதற்கு முன்னால் பத்தாவது கதையில் மூன்றை அடித்துவிட்டுப் பதினொன்று என்று திருத்து. எண்ணில் போடக்கூடாதாம், எழுத்தில் போட வேண்டுமாம். எண்ணில் போட்டால் பின்னால் யாராவது குறைத்துவிடுவார்கள் என்கிறார்.

உன் அக்கா